கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலத்தில் ஐந்து ரோட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மைதானத்தில் 14 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் ஆட்டம். பந்து பையனின் பேட்டில் லேசாக உரசிக்கொண்டு கீப்பர் கைக்குப் போனது. வெளியே நின்ற எங்களுக்கே சத்தம் கேட்டது. அம்பயராக நின்றவர் ஒரு கல்லூரிப் பையன். அவருக்குக் கேட்கவில்லை போல, இல்லை என்று தலையாட்டிவிட்டார். பேட் பிடித்திருந்தவனோ ஒரு நொடி தரையைப் பார்த்துவிட்டு, கிளவுஸைக் கழற்றிக்கொண்டே வெளியே நடக்க ஆரம்பித்தான்.

பவுண்டரிக் கோட்டிலேயே கோச் அவனைப் பிடித்துக்கொண்டார். "அம்பயரே கொடுக்கல, உன்னை யாருடா வரச் சொன்னா?"

"பட்டுச்சு சார்."

அவ்வளவுதான் அவனிடம் இருந்த விளக்கம். அவனுடைய அப்பா பைக் மேல் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி, "பெரிய அரிச்சந்திரன்!" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினால் பையன் பக்கம்தான் நியாயம். கிரிக்கெட் விதிகளில் 31-வது விதி அப்பீலைப் பற்றியது. அப்பீல் கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் அதே விதி, அவுட்டானவர் அப்பீலுக்குக் காத்திருக்காமல் தானாகவே வெளியேறினால் அதற்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடம் கில்கிறிஸ்ட், அம்பயர் அவுட் கொடுக்காதபோதும், பேட்டில் பட்டது தனக்குத் தெரியும் என்பதால் நடையைக் கட்டினார். இருபது வருடம் தாண்டியும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதையே ஐந்து ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் செய்தால் அவனுக்குப் பெயர் ஏமாளி.

ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் 'ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்' என்ற சொல்லைத் தமிழில் பெருந்தன்மை, விளையாட்டு உணர்வு என்று பாடப்புத்தகம் எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்திருக்கிறது. எதுவும் வாயில் ஒட்டவில்லை. நம் ஊரில் நிஜமாகப் புழங்குவது "ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ" என்பதுதான். அதை யாரிடம் சொல்கிறோம் என்று கவனித்தால் விஷயம் புரியும். தோற்றவனிடம், கேலிக்கு ஆளானவனிடம், அடிபட்டவனிடம். ஜெயித்தவனிடம் யாரும் "ஸ்போர்ட்டிவா ஜெயி" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் பிள்ளைகளிடம் இதற்குச் சொற்பஞ்சம் கிடையாது. அழுகுணி ஆட்டம், போங்காட்டம், கள்ளாட்டம் என்று குற்றத்தின் அளவுக்கு ஏற்றபடி பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாப்பேட்டைத் தெருக்களில் நான் வளர்ந்த காலத்தில் எங்களுக்கு அம்பயர் கிடையாது. சா பூ த்ரீ போட்டு அணி பிரிப்போம். யாருடைய தம்பியாவது ஆடியே தீருவேன் என்று அழுதால் அவன் உப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஓடலாம், அவுட்டே கிடையாது, ரன்னும் கணக்கில் வராது. அந்த ஏற்பாட்டை எந்தப் பெரியவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சின்னப் பிள்ளையை வெளியே நிறுத்தவும் கூடாது, அவனால் ஆட்டம் கெடவும் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் பிள்ளைகளே கண்டுபிடித்த தீர்வு அது.

அம்பயர் இல்லாத ஆட்டம் எப்படி நடந்தது? ஆளுக்குத் தட்டுப்பாடு என்பதுதான் காரணம். மொத்தமே ஏழு பேர். ஒருவனை ரொம்ப ஏமாற்றினால் அவன் "நான் ஆட்டத்துக்கு வரல" என்று ஸ்டம்பாக வைத்திருந்த செங்கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஆட்டம் நின்றுவிடும். ஜெயிப்பதைவிட ஆட்டம் நடப்பது முக்கியமாக இருந்ததால், சந்தேகம் வந்தால் "சரி, ரீ-பால்" என்று விட்டுக்கொடுத்தோம். ரொம்ப நல்லவர்களாக இருந்தோம் என்று இதற்கு அர்த்தமில்லை. பேட் வைத்திருப்பவன் இரண்டு முறை அவுட்டானால்தான் அவுட். பெண் பிள்ளைகள் திண்ணையோடு சரி. எந்தத் தெருப் பையன் எந்தத் தெருவுக்கு வந்து ஆடலாம் என்பதும் அந்தச் சட்டத்தில் எழுதாமலே இருந்த ஒரு பிரிவு. பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆட்டத்தின் நியாயம் ஆடுகிறவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அது எப்போது பெரியவர்கள் கைக்குப் போகிறது? ஆட்டத்தின் மேல் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத பாரம் ஏறும்போது. இதை வெறும் குணக்கேடு என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த பைக் அப்பாவை எனக்குக் கொஞ்சம் தெரியும். கடையில் வேலை செய்கிறவர். அகாடமிக்கு மாதக் கட்டணம், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஸ்பைக்ஸ், பேட், பேடு, வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி வாடகை என்று போட்டதை எல்லாம் மனதில் கூட்டி வைத்திருக்கிறார். அப்புறம் சான்றிதழ். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. முதலமைச்சர் கோப்பையில் தனிநபர் போட்டியில் மாநில முதலிடம் பிடித்தால் 1 லட்சம் ரூபாய் பரிசு. இவை நல்ல திட்டங்கள். விளையாட்டு சோறு போடாது என்ற பழைய பேச்சுக்கு இவைதான் பதில். ஆனால் பையன் கிளவுஸைக் கழற்றும்போது அப்பாவின் கண்ணுக்குத் தெரிவது விக்கெட் மட்டும் இல்லை, ஒரு சீட்டும் சேர்ந்துதான். அத்தனை பாரத்தையும் 13 வயதுப் பேட்டின் விளிம்பு தாங்க வேண்டியிருக்கிறது.

போட்டி நடத்தும் முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பள்ளி விளையாட்டுகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிகள். அணி விளையாட்டுகள் பெரும்பாலும் நாக்-அவுட். காலையில் ஆறு மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து, மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்து, அரை மணி நேரக் கபடியில் இரண்டு புள்ளியில் தோற்றால் அந்த வருடக் கதை முடிந்தது. திரும்ப பஸ். அடுத்த வாய்ப்பு அடுத்த வருடம். அதற்குள் 14 வயதுப் பிரிவைத் தாண்டிவிட்டால் 17 வயதுப் பிரிவில் மீசை முளைத்த அண்ணன்மாரோடு மோத வேண்டும். இப்படி ஓர் அமைப்பில் ரெஃப்ரியின் ஒவ்வொரு தவறும் திருத்த முடியாத தீர்ப்பு. ஆறு ஆட்டம் கொண்ட லீக் என்றால் ஒரு தவறு இன்னொன்றில் சரியாகிவிடும், கத்துவதற்கும் அவ்வளவு காரணம் இருக்காது. கணக்கு சார் பி.டி. பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டு திருப்பியே தராத ஊரில், வருடம் முழுக்க அரைகுறைப் பயிற்சியோடு வந்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் நிரூபிக்கச் சொன்னால், பி.டி. சாரும் மனுஷர்தானே.

வயது மோசடி இந்த அவசரத்தின் இன்னொரு பிள்ளை. முன்பு தமிழ்நாட்டில் பாதிப் பேர் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிறந்தவர்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதிக்கொண்டதுதான் பிறந்த நாள். அது அறியாமை, யாரையும் ஏமாற்றுவதற்கு இல்லை. இப்போது நடப்பது வேறு. 17 வயதுப் பையனை 14 என்று காட்ட, பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது ஒரு பெரியவர். அதில் கையெழுத்துப் போடுவது இன்னொரு பெரியவர். பையன் வாயைத் திறக்காமல் இருக்க மட்டும் கற்றுக்கொள்கிறான். மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010-லேயே வயது மோசடிக்கு எதிராகத் தேசிய நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணக்கிடுகிறது. காகிதத்தை நம்ப முடியாமல் எலும்பிடம் போய் விசாரிக்க வேண்டிய நிலை.

கோச்சுகளுக்கு வருவோம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை நாம். வகுப்பறையில் அது குறைந்துவிட்டது. மைதானத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. தோற்றுவிட்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் பின்னந்தலையில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனவரை நானே பார்த்திருக்கிறேன். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தனியார் அகாடமி பள்ளி இல்லையே என்று கேட்டால், 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு இருக்கிறது: குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் யார் கொடுமை செய்தாலும் 3 ஆண்டுவரை சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் புகார் கொடுக்கப் போகிறவர் யார்? தோலை உரிக்கச் சொன்னவரேதான்.

அடித்தால்தான் ஆட்டம் வரும் என்பது உண்மையா? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 1992-ல் வெளிவந்தது. ஒரு பிரிவு கோச்சுகளுக்குச் சில மணி நேரப் பயிற்சி மட்டும்: முயற்சியைப் பாராட்டுங்கள், தப்பு செய்தால் முதலில் தைரியம் சொல்லுங்கள், பிறகு திருத்துங்கள், தண்டிக்காதீர்கள். இன்னொரு பிரிவு வழக்கம் போலத்தான். அடுத்த வருடம் ஆட வராமல் நின்றுவிட்ட பிள்ளைகள் முதல் பிரிவில் 5 சதவீதம், இரண்டாவதில் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. அதாவது திட்டியதால் கூடுதலாக ஓர் ஆட்டம்கூடக் கைக்கு வரவில்லை. நாலில் ஒரு பிள்ளை கையை விட்டுப் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று. 2014-ல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கால்பந்து ஆடும் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோர், கோச்சுகளையும் கேட்டு, விளையாட்டை ஜாலியாக்குவது எது என்று 81 அம்சங்களைப் பட்டியல் போட்டு வரிசைப்படுத்தினார்கள். நன்றாக முயன்று ஆடுவது, அணிக்குள் ஒத்துப்போவது, கோச் மரியாதையாக நடத்துவது எல்லாம் மேலே வந்தன. ஜெயிப்பது 48-வது இடம். பிள்ளைகளுக்கு ஜெயிக்க ஆசை இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும் அந்த நேரத்தில் என் மகளைவிட வெறியோடு ஜெயிக்க நினைப்பவர் யாரும் இல்லை. விசில் ஊதியதும் அந்த வெறி இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். எங்களுக்குத்தான் திங்கட்கிழமைவரை இறங்குவதில்லை.

இப்படி விட்டுப்பிடித்தால் சாம்பியன்கள் எப்படி உருவாவார்கள் என்று கேட்பவர்களுக்கு நார்வேயைக் காட்டலாம். அங்கே விளையாட்டுச் சம்மேளனமே பிள்ளைகளின் உரிமைகள் என்று விதி வைத்திருக்கிறது. 11 வயதுக்குக் கீழ் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்குக் கீழ் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. மீறினால் கிளப் மேல் நடவடிக்கை. அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை 50 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். நம் சேலம் மாவட்டமே 2011 கணக்கெடுப்பில் 34 லட்சத்துக்கு மேல். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம் பிடித்தது நார்வே. பனி அவர்கள் ஊரில் கொட்டுகிறது, காசும் கொட்டுகிறது, அதெல்லாம் உண்மைதான். எட்டு வயதுப் பிள்ளையைத் திட்டாததால் பதக்கம் குறைந்துவிடவில்லை என்பது மட்டும் நமக்குப் போதும்.

நார்வே வரை போக வேண்டியதும் இல்லை. நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கியவர். அவருக்கு வாலிபால் மேல்தான் முதலில் ஆசை. உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம்; டோக்கியோவில் வெள்ளி; 2024 பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது அவரைச் சென்னைக்குத் தள்ளிவிட்டவர் ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ். 2015-ல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு பந்துவீச்சு முறை மேல் புகார் வந்தது. முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். சட்டை முதுகில் அவர் போட்டுக்கொண்ட 'ஜே.பி. நட்டு' என்ற பெயரில் இருக்கும் ஜே.பி. அந்த அண்ணன்தான். இரண்டு கதையிலும் கோட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் நிற்கிறார். ஒருவர் ஒரு காலைப் பார்க்காமல் பையனைப் பார்த்தவர். இன்னொருவர் எந்த உறவும் சம்பளமும் இல்லாமல் கூட நின்றவர். பயிற்சி முகாம்களின் தொடக்க விழாக்களில் மாரியப்பன், நடராஜன் பெயர்களை எல்லோரும் சொல்கிறார்கள்; இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஏற்காட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மகளின் பள்ளிக் கால்பந்து அணி மேலே ஒரு பள்ளியோடு நட்பு ஆட்டத்துக்குப் போயிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பிள்ளைகள் வாந்தி எடுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். முதல் பாதி வழக்கம் போல. நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் பெற்றோர் எதிர்ப்பக்கம், இரண்டு பக்கமும் "ரெஃப்ரி! ரெஃப்ரி!" ரெஃப்ரியாக நின்றவர் அந்தப் பள்ளியின் பழைய மாணவி, இருபது வயதுகூட இருக்காது. இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் மலைக்கே உரிய அந்தக் காரியம் நடந்தது: காபித் தோட்டத்துப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி மைதானத்தை மூடிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குப் பந்து தெரிந்தது. கோட்டில் நின்ற எங்களுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எதைப் பார்த்துக் கத்துவது? ஐந்து நிமிடத்தில் வெளியே சத்தம் அடங்கிவிட்டது. உள்ளிருந்து பிள்ளைகளின் குரல் மட்டும் வந்தது. "மேன் ஆன்!", "நான் இருக்கேன்!", "ஸாரி ஸாரி, அடிபட்டுச்சா?" அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது எதிரணிப் பெண். சேலத்தில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காதில் விழுந்தது.

எல்லா ஊருக்கும் பனிமூட்டத்தை வரவழைக்க முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சில சிறுவர் கால்பந்து லீகுகள் குறிப்பிட்ட நாட்களில் பெற்றோர் வாயைத் திறக்கவே கூடாது என்று வைத்துப் பார்த்திருக்கின்றன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-ல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதில் முக்கியமான கருவி ஒரு கயிறு. ஆடுகளக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கயிறு கட்டி, பெற்றோர் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நடுவரிடம் பேச கேப்டனுக்கு மட்டும்தான் உரிமை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நம் மைதானங்களை நினைத்துப் பாருங்கள்: த்ரோ எடுக்க வரும் பிள்ளையின் காதுக்கும் ஏதோ ஒரு மாமாவின் வாய்க்கும் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது.

விதிப் புத்தகங்களும் மெல்ல மெல்லக் கோட்டுக்கு வெளியே வந்துகொண்டிருக்கின்றன. கபடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு; மஞ்சள் என்றால் இரண்டு நிமிடம் வெளியே. கிரிக்கெட் 2017-ல் ஆட்டக்காரர்களின் நடத்தைக்கென்றே 42-வது விதியை எழுதி, எதிரணிக்கு 5 ரன் தரும் தண்டனையைச் சேர்த்தது. கால்பந்தில் 2019 முதல் கோச்சுக்கும் அட்டை காட்டலாம். பெஞ்சில் யார் கத்தியது என்று தெரியாவிட்டால் தலைமைக் கோச்சுக்கே அது போகும். ஆனால் பைக் மேல் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு எந்த விதியிலும் அட்டை கிடையாது. அவரைக் கட்டுப்படுத்த வேண்டியது போட்டி நடத்துபவர்; அவரோ அந்த அப்பா கட்டும் நுழைவுக் கட்டணத்தில்தான் பந்து வாங்குகிறார். நடுவில் மாட்டிக்கொள்வது மதியச் சாப்பாட்டுக்கும் பெட்ரோல் காசுக்கும் வந்து நிற்கும் கல்லூரிப் பையன். அந்த டிசம்பர் ஞாயிறு ஆட்டத்துக்கு அம்பயராக நின்றவரை அடுத்த வாரம் காணவில்லை. கேட்டதற்கு, "வரமாட்டேன்னுட்டான் சார்" என்றார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் நடுவரைத் திட்டும் ரகம் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. நான் யோசனை சொல்லும் ரகம். "பாஸ் பண்ணு! லெஃப்ட்ல பாரு! ஓடு, ஓடு!" ஒரு நாள் வீடு திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க பாஸ் பண்ணுங்கறப்ப சார் அடிங்கறார். நான் யார் சொல்றதைக் கேக்கறது?" ஹெல்மெட்டுக்குள் எனக்குப் பதில் எதுவும் வரவில்லை. சிக்னலில் நின்றபோது, "நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்றாள்.

அதனால் இப்போது மைதான வாசலில் தட்டுவடை செட் போடும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அங்கிருந்து ஒரு கோல்போஸ்ட் மட்டும்தான் தெரியும், அதுவும் பாதி. போன வாரம் ஆட்டம் முடிந்து வந்து, "ரெண்டு செட்" என்றாள். ஸ்கோர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேரட், பீட்ரூட் துருவல் கையெல்லாம் ஒட்ட, இரண்டாவது செட்டின் பாதியில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"ஜெயிச்சுட்டோம்பா. ஆனா அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடு. நான்தான் நின்னேன், எனக்குத் தெரியும். ரெஃப்ரி பாக்கல."

"சொன்னியா?"

"சொல்லப் போனேன். சார் கையைப் பிடிச்சு இழுத்துட்டார்."

வண்டிக்காரர் இன்னொரு செட் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.